இரண்டு அழுத்தங்கள்

கண்ணாடி மாற்றத்தான் கண் மருத்துவரிடம் சென்றிருந்தேன். விழித்திரையை நெடுநேரம் நோக்கியவர், “இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. உடலைக் கீறாமலேயே இரத்தக் குழாய்களை நேரில் காணக்கூடிய இடம் விழித்திரை. அங்கே என் குழாய்கள் குறுகியிருந்தன.

மாத்திரையை நிறுத்தி ஓராண்டாகியிருந்தது. பதிலுக்கு வைட்டமின் ஈ விழுங்கி வந்தேன். ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று எங்கோ வாசித்ததன் விளைவு. இரத்த அழுத்தம், ஆக்சிஜனேற்ற அழுத்தம் - தமிழில் இரண்டும் அழுத்தமே. ஒன்றைத் தணித்தால் மற்றதும் தணியுமென்று நம்பிவிட்டேன். தமிழாசிரியனுக்கு நேர்ந்த சொல்மயக்கம்!

அன்றிரவு முறையாக வாசித்தேன். முயலின் பெருந்தமனித் துண்டு அசிடைல்கொலின் பட்டுத் தளர வேண்டுமானால் அதன் உட்படலம் சிதையாதிருக்க வேண்டும் என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் காட்டினார். அப்படலம் சுரந்த பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நைட்ரிக் ஆக்சைடைத்தான் சூப்பர் ஆக்சைடு கவ்விக்கொள்கிறது. இரண்டும் கூடிப் பெராக்சிநைட்ரைட் என்னும் நச்சாகின்றன. தளர்த்துவோரை இழந்த குழாய் இறுகுகிறது, அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தம் மேலும் சூப்பர் ஆக்சைடைப் பிறப்பிக்கிறது. குழாய்ச் சுவரில் அதை உண்டாக்கும் நொதியைத் தூண்டுவனவற்றுள் ஆஞ்சியோடென்சின் முதன்மையானது.

அப்படியானால் வைட்டமின் ஈ உதவ வேண்டுமல்லவா? இதய நோய் அபாயம் மிகுந்த 9,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ‘ஹோப்’ ஆய்வின் முடிவு 2000இல் வெளியாயிற்று. வைட்டமின் ஈ மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. அதே ஆய்வில், ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் ராமிப்ரில் இரண்டையும் குறைத்தது. குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பாவும் “தலைவலிகூட இல்லையே” என்று மாத்திரையை விட்டவர். பக்கவாதத்தில் அவர் படுத்திருந்த நான்காண்டுகள் நான்தான் சோறூட்டினேன். அதைப் பார்த்த பின்னும் எனக்கு ஒரு வைட்டமின் குளிகை போதுமானதாக இருந்திருக்கிறது. படித்தவனின் அறியாமைக்குத் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் திறமை அதிகம்.

மறுநாளே என் மருத்துவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். கடிந்துகொண்டார், பின்னர் புதிதாக எழுதித் தந்தார். மாத்திரை அட்டை இப்போது அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. கல்லூரிக்குக் கிளம்புமுன் அங்கே நிற்காமல் போவதில்லை.