இதயத்தின் தழும்பு

செஞ்சிக்கு அருகிலுள்ள தளவானூர்க் குன்று, தொலைவிலிருந்து காண்போர்க்கு வெறும் பாறையே. அருகணைந்த பின்னரே, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த மண்டபம் புலனாகும். மனித இதயமும் அத்தகையதே. வெளியே துடிப்பு மட்டும் தெரிகிறது, உள்ளிருப்பது தெரிவதில்லை.

மாரடைப்பில் மடிந்த தசை தழும்பாகிறது. அதனைச் சுற்றி மின்னோட்டம் வழிதவறிச் சுழலுமாயின் நாடி கட்டுக்கடங்காமல் விரையும். உயிருக்கே கேடு நேரலாம். அத்தகைய மரணத்தைத் தடுக்கும் அதிர்வுக் கருவி, 1980-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக மனித உடலில் பதிக்கப்பட்டது. இன்று நம் ஊர்களிலும் அதனை நெஞ்சில் தாங்கி வாழ்வோர் உளர்.

எம் தாய்மாமா அவர்களுள் ஒருவர். நள்ளிரவில் அக்கருவி அவரை உலுக்கியெடுத்ததை நாங்கள் அருகிருந்து கண்டோம். தழும்பின் இடம் தெரிந்தால், மெல்லிய குழாயை உட்செலுத்தி, கோளாறான வழியைச் சுட்டு அடைக்கலாம். அவ்விடத்தைக் காட்டவல்லது எம்.ஆர்.ஐ. படம். ஆயினும் ஒரு நிலையத்தில், கருவி வைத்தவருக்குப் படமெடுப்பதில்லை என்று திருப்பியனுப்பினர். மாமி கலங்கிப் போனார்.

அம்மறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. வலிய காந்தம் கருவியின் இயக்கத்தைக் குலைக்கலாம்; கம்பியின் நுனி சூடேறலாம். படமும் பொய் சொல்லலாம். இரத்தக்குழாயில் ஏற்றப்படும் கடோலினியம் என்னும் மருந்து தழும்பில் தங்கி வெண்மையாய் ஒளிரும். கருவியின் உலோகமோ, நலமான தசையையும் வெண்மையாகக் காட்டிவிடும்.

இவ்விரு தடைகளும் இன்று தளர்ந்துள்ளன. வானொலி அலைத்துடிப்பின் அலைவரிசையை அகலமாக்கி அப்பொய் வெண்மையை நீக்கும் முறையை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014-இல் வெளியிட்டனர். 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், காந்தத்துக்கென வடிவமைக்கப்படாத கருவிகளை உடைய 1,509 பேருக்கு 2,103 முறை படமெடுத்தனர். நீடித்த பெருந்தீங்கு எவருக்கும் நேர்ந்ததாகப் பதிவில்லை. ஒன்பது முறை கருவி தன் அமைப்பை இழந்தது. அவற்றுள் மின்கலம் தீரும் நிலையிலிருந்த ஒரு கருவியை மட்டும் மாற்ற நேர்ந்தது.

எம் மாமாவுக்கும் பின்னர் வேறொரு மருத்துவமனையில், இதய மருத்துவர் உடனிருக்கப் படமெடுத்தனர். தழும்பின் இடமும் தெரிந்தது.

எல்லார்க்கும் இது ஏற்றதென நாம் கூறவில்லை. கருவியின் வகை, கம்பிகளின் நிலை, சிறுநீரகத்தின் நலம் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவர் முடிவு செய்வர். படமெடுக்கு முன்னும் பின்னும் கருவியைச் சோதித்தாக வேண்டும். கருவியோடு தந்த அட்டையைக் குடும்ப அட்டை போலவே பத்திரமாக வைத்திருங்கள். ஒருவர் இயலாதென்றால், ஏன் இயலாதெனக் கேளுங்கள். கருவிகளை நன்கறிந்த மற்றொரு மருத்துவரிடமும் அவ்வட்டையைக் காட்டுங்கள்.