பின்னிய நூல் போகுமிடம்

கம்பளி பின்னுகிறவர்கள் நூல்கண்டு வாங்கும்போது ஆட்டைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஈப்புழு வைக்காமலிருக்க மெரினோ ஆட்டின் பின்பக்கத் தோலை அறுத்தெடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் இன்னும் இருக்கிறது. நியூசிலாந்து 2018இல் அதைத் தடைசெய்துவிட்டது. விசாரிக்க வேண்டியதுதான். ராமநாதபுரத்தில் அந்த விசாரணைக்கு வேலையில்லை. இங்குள்ள ராமநாதபுரம் வெள்ளை ஆட்டின் உடம்பில் இருப்பது பின்னத் தோதில்லாத முடி. கறிக்காகவும், வயலில் கிடை போட்டால் சேரும் எருவுக்காகவும்தான் கீதாரிகள் அதை மேய்க்கிறார்கள். நூல் தேர்ந்து, ஊசி பிடித்து, கண் எண்ணிப் பின்னுகிற கைகளைப் பார்க்கப் பாம்பன் கரைக்குத்தான் போனேன்.

கொட்டகை நிழலில் ஒரு பெரியவர் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கையில் நூல் சுற்றிய வலை ஊசி. கிழிசலைத் தைப்பார் என்று பார்த்தால், கத்தியால் அதை இன்னும் பெரிதாக்கினார். பிய்ந்த கண்களை வெட்டி ஒழுங்குபடுத்தினால்தான் முதல் முடிச்சு போட இடம் கிடைக்குமாம். பிறகு கண் கண்ணாக இறங்கினார். அளவுகோல் எதுவும் இல்லை, விரல்தான் அளவு. புது வலைகள் நாகர்கோவில் பக்கத்து ஆலைகளிலிருந்து வந்துவிடுகின்றன. அங்கே இயந்திரத்தருகே நிற்பவர்களில் பெண்கள் ஏராளம். கரையில் மிஞ்சியிருப்பது வலையை இணைப்பதும், மிதப்பும் ஈயமும் கட்டுவதும், பொத்தல் அடைப்பதும்.

"பருத்தி நூல் காலத்துல கடலுக்குப் போறதவிட வலைய காயப்போடுறதுதான் பெரிய வேலை தாயி" என்றார். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் உலர்த்தினாலும் பருத்தி மக்கிவிடும். நைலான் வந்து அந்தப் பாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வருத்தம் தங்கூசி வலை மேல். ஒற்றை இழை, கண்ணாடி மாதிரி இருப்பதால் தண்ணீரில் தெரியாது, விலையும் மலிவு. நண்டுக்கு விடுகிறார்கள். சிக்கிய நண்டைப் பிடுங்கும்போதே கண்கள் அறுந்துபோகும்; சில மாதங்களில் வலை குப்பை. கடலில் தொலைந்துவிட்டாலோ, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்கா ஆக்கினோம். 2022இல் வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென ஒதுக்கினோம். நீரோட்டத்தில் இழுபடும் வலைக்கு எல்லைக்கோடு ஏது?

மக்குவது அன்று நூலின் குற்றம். இன்று அதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் 'உல்லன்' என்று விற்கும் நூல்கண்டுகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். அசல் கம்பளி என்று வாங்கும் காலுறை நூலிலும் உறுதிக்காக நைலான் சேர்ப்பது சாதாரணம். ஆட்டை விசாரிக்கும் நாம் இந்த இழை கிழிந்தபின் எங்கே கிடக்கும் என்றும் கடைக்காரரைக் கேட்கலாம். சிக்கனம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சோதனை: தைத்துப் போட்டுக்கொள்ள முடியுமா?

வலையையும் தைத்துப் பயன்படுத்தலாமே என்று கரையில் நான் சொன்னதைக் கேட்டு, பெரியவர் பக்கத்திலிருந்த படகுக்காரர் சிரித்தார். கூலி கொடுத்துத் தைப்பதைவிடப் புதுத் தங்கூசி வாங்குவது லாபம் என்பது அவர் கணக்கு. பெரியவரோ தங்கூசியைத் தைக்கவே ஒப்புவதில்லை.

"முடிச்சு வழுக்கும் தாயி. நாளைக்கு அவுந்தா என்னையத்தான் ஏசுவாங்க."