பின்சீட்டில் வாப்பா

பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் சபுராளிக் காசு ஏறாத வீடு குறைவு. எங்கள் வீட்டில் ஏறியது ஸ்டியரிங் பிடித்த காசு. வாப்பா 1986இல் ஜித்தா போனவர். ஒரே அரபு வீட்டில் 21 வருடம் ஹவுஸ் டிரைவர். அங்கே பெண்கள் கார் ஓட்டக்கூடாது. அதனால்தான் வெளிநாட்டு ஆண்களுக்கு அந்த வேலை இருந்தது. என் பி.எட். ஃபீஸ், தங்கச்சியின் நகை, நாங்கள் இருக்கும் மாடி எல்லாமே அந்தத் தடை போட்ட சோறு. எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் மீதியும் பொய்.

1990 நவம்பர் 6 அன்று ரியாத்தில் 47 பெண்கள் கார்களோடு தெருவுக்கு வந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள், வேலை பார்த்தவர்களை இடைநீக்கம் செய்தார்கள். எங்களுக்கு அந்த மாதமும் பணம் ஒழுங்காக வந்தது.

2018 ஜூன் 24இல் தடை நீங்கியது. அடுத்த வருடம் டிசம்பரில் விசிட் விசாவில் கணவரிடம் போனேன். உம்ராவுக்கு வாப்பாவும் வந்தார். பு.முட்லூர் ரோட்டில் எட்டு வருடம் ஓட்டிய கை என்னுடையது. கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டி, 1,000 ரூபாய் கட்டி, இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கியிருந்தேன். ஒரு வருடம் செல்லும். சவூதிச் சட்டத்துக்கு அது போதும். கணவருக்குப் போதவில்லை.

“புது ஊரு. எங்கயாவது இடிச்சிட்டா யாரு பதில் சொல்றது?”

ஊரில் எந்தச் சட்டமும் என்னைத் தடுத்ததில்லை. ஆனாலும் அவர் லீவில் வந்தால் சாவி தானாக அவர் பைக்குள் போய்விடும். நானும் கேட்டதில்லை.

வாப்பாதான், “வாடகைக்கு ஒரு வண்டி எடுங்க மாப்பிள்ளை, புள்ள ஓட்டட்டும்” என்றார்.

முன்கதவைத் திறந்து வைத்தேன். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். “அந்தம்மா இங்கதான் உக்காருவாங்க. எப்படி இருக்குன்னு பாக்குறேன்.”

இடப்பக்க ஸ்டியரிங். வலப்பக்கம், வலப்பக்கம் என்று வாய் முணுமுணுத்தாலும் கைக்குத் தெரியவில்லை. இண்டிகேட்டர் போடுகிறேன் என்று வைப்பரைப் போட்டேன். துளி மழையில்லாத மதீனா ரோட்டில் அது பாட்டுக்குத் துடைத்தது. ரவுண்டானாவில் எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்த்தேன். பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: “மெதுவா. ரைட்டு.”

ஹம்ரா பக்கம் வந்ததும் வாப்பா பேச ஆரம்பித்தார். அந்தம்மாவுக்கு எல்லாச் சந்தும் தெரியுமாம். பின்னாலிருந்தே வழி சொல்வாராம். “ஓட்டினது அவங்கதான் புள்ளே. நான் கை மட்டும்.” கொஞ்சம் கழித்து, “ஒருநாள் ஊருக்கு வெளியே மணல்ல நிறுத்தச் சொல்லி சாவியைக் கேட்டாங்க” என்றார்.

“கொடுத்தீங்களா?”

“எப்படிக் கொடுப்பேன்? தெரிஞ்சா மறுநாளே என்னை ஊருக்கு ஏத்திவிட்டிருப்பாங்க. நீ அப்ப ஆறாவது.”

கண்ணாடியில் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த உரிமையைக் கேட்ட லுஜைன் அல் ஹத்லூல், தடை நீங்குவதற்கு ஒரு மாதம் முன்பு கைதானவர், நான் ஓட்டிய அந்த மாலையிலும் சிறையில்தான் இருந்தார். 2021 பிப்ரவரியில்தான் வெளியே விட்டார்கள்.

மறுநாள் மக்காவுக்குப் புறப்படும்போது சாவி கணவர் கையில் இருந்தது. கேட்டேன். அவர் மாமனாரைத் தேடினார். வாப்பா அதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.