பிரிண்டருக்கும் ஓபி நம்பர் உண்டு

1/ போன மாசம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணி. அனுப்பம்பட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக் கதவைப் பக்கத்து வீட்டு அக்கா தட்டினாங்க. "டாக்டர் தம்பி, இதை ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க."

அவங்க அண்ணன் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவர். விடிஞ்சா முதல் ரயிலில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி தொலைஞ்சு போச்சு. அதன் போட்டோ மட்டும் அக்கா போனில் இருக்கு. அண்ணன் வச்சிருப்பது பட்டன் போன்.

அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடறவர். எந்த மாத்திரை, எவ்வளவு டோஸ் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான். பொன்னேரி, மீஞ்சூர் போனாலும் அந்நேரம் கடை இருக்காது.

2/ என் வயர்லெஸ் பிரிண்டரோ "ஆஃப்லைன்" என்றது. நான் லேப்டாப்பில் பிரிண்ட் பட்டனை அஞ்சு தடவை அழுத்தினேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். என்ன நோய்னு பார்க்காமலே ஊசி போடற வேலைதான் அது. பேஷண்ட் விஷயத்தில் இப்படிச் செய்வேனா?

3/ கடைசியில் கைகொடுத்தது வைஃபை டைரக்ட். ரவுட்டரே இல்லாமல் போனும் பிரிண்டரும் நேராகப் பேசிக்கொள்ளும் வழி. போனின் வைஃபை பட்டியலில் "டைரக்ட்" என்று ஆரம்பிக்கும் பெயராக வரும். அதில் சேர்ந்து அழுத்தினதும் தாள் வந்துடுச்சு. அது முதலுதவி. அடுத்த நாள்தான் வைத்தியம்.

4/ முதலில் ஒன்று. வைஃபை வேற, இன்டர்நெட் வேற. நெட் இல்லாட்டியும் வீட்டுக்குள் வைஃபை இருந்தால் பொதுவா பிரிண்ட் எடுக்கலாம். ரெண்டும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும். "கெஸ்ட்" வைஃபையில் போனைச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் பிரிண்டர் கண்ணுக்கே தெரியாது.

5/ எஸ்எஸ்ஐடி: உங்க வைஃபையின் பெயர், அவ்வளவுதான். நான் ரவுட்டரை மாத்தியிருந்தேன். பிரிண்டர் பழைய பெயரையே தேடிக்கிட்டு இருந்துச்சு. பெயரோ பாஸ்வேர்டோ மாறினால் பிரிண்டருக்கும் புதுசா சொல்லணும்.

6/ 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்: ரவுட்டரின் ரெண்டு அலைவரிசைகள். 5 வேகமானது, 2.4 சுவர் தாண்டி அதிக தூரம் போகும். வீட்டு பிரிண்டர்களில் பலதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். பட்டியலில் உங்க வைஃபை பெயரே வரலையா? ரவுட்டரில் 2.4 ஆன்ல இருக்கான்னு பாருங்க.

7/ ஐபி அட்ரஸ்: வார்டில் பெட் நம்பர் மாதிரி. வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். பெட் ஒதுக்குற சிஸ்டர் வேலையை ரவுட்டர் பார்க்குது. அதுக்குப் பேர் டிஹெச்சிபி. டிஸ்சார்ஜ் ஆகி மறுபடி அட்மிட் ஆனால் பெட் மாறலாம் இல்லையா? புது வைஃபையில் சேர்ந்த பிறகும் என் லேப்டாப் பழைய பெட்டில் போய்த் தேடி "ஆஃப்லைன்" என்றது.

8/ மேக் அட்ரஸ்: இது ஓபி நம்பர். பெட் மாறினாலும் பிரிண்டரோடவே இருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் இந்த மேக் அட்ரஸுக்கு இந்த ஐபிதான் என்று ரிசர்வ் பண்ணிட்டால் தொல்லை தீர்ந்தது.

9/ டபிள்யூபிஎஸ்: ரவுட்டரிலும் பிரிண்டரிலும் ஒரு பட்டன். ரெண்டு நிமிஷத்துக்குள் ரெண்டையும் அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலே சேர்ந்துக்கும். வசதிதான். ஆனா இதிலேயே பின் நம்பர் போட்டுச் சேர்க்கும் முறையை உடைக்கலாம்னு 2011-லேயே தெரிஞ்சு போச்சு. வேலை முடிஞ்சதும் டபிள்யூபிஎஸ்ஸை ஆஃப் பண்ணிடுங்க.

10/ லேப்டாப்பில் புது ஐபியைப் போட்டதும் பிரிண்டர் உறுமிச்சு. முந்தின ராத்திரி நான் அழுத்தின அஞ்சு காப்பியும் வரிசையா வந்து விழுந்துச்சு! கியூவிலேயே காத்திருந்திருக்கு. ஒன்றை அக்காகிட்ட கொடுத்து, "அரிசி டப்பா பக்கத்துல பத்திரமா வைங்க" என்றேன். மீதியைக் கிழிச்சுப் போட்டேன். அது இன்னொருத்தரோட நோய்க் குறிப்பு. நம்ம வீட்டில் கிடக்கக் கூடாது.

11/ இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பிரிண்டரின் ஐபி மூணையும் ஒரு சீட்டில் எழுதி வீட்டுக்குள்ள வச்சுக்குங்க. வைஃபை டைரக்டில் ஒரு தாள் எடுத்துப் பாருங்க. ராத்திரி ஒன்பதரைக்குக் கதவு தட்டுறப்போ கத்துக்க நேரம் இருக்காது.

அதோட, மருந்துச் சீட்டுகளுக்கு ஒரு நகல் எப்பவும் வீட்டில் இருக்கட்டும்.