கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

கொஞ்சம் நீளமான பதிவு. படகு, லாரி, டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

புன்னக்காயலில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் தூத்துக்குடியில் விசைப்படகு வைத்திருக்கிறான். பையன் என்ன பையன், இப்போது நாற்பத்தைந்து வயது! தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் போன் செய்தான். "சார், ஒரு வருசத்துல மூணாவது பேட்டரி மாத்தியாச்சு. இப்பவும் செல்ஃப் எடுக்க மாட்டேங்கு. படகையே வித்துரலாமான்னு இருக்கு" என்றான். இரண்டாவது பேட்டரிக்கே வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டதாம்.

அதைவிட, அடுத்து அவன் சொன்னதுதான் எனக்குத் திக்கென்றது. பொழுது சாய்ந்த பிறகு நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தியிருக்கிறான். மறுபடி எடுக்கும்போது செல்ஃப் சுற்றவில்லை. விளக்கு மங்கி அணைந்தது, வயர்லெஸ்ஸும் போச்சு. ஆறு பேர் இருட்டில் மிதந்திருக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து வந்த இன்னொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கடலில் கிடந்த பலருக்குச் செய்தி எட்டவேயில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. பேட்டரி என்பது வெறும் செல்ஃப் எடுக்க மட்டும் இல்லை மக்களே, கரையோடு பேசுகிற வாயும் அதுதான்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் என் பெரிய அண்ணன் பாளையங்கோட்டையில் ஆட்டோ எலெக்ட்ரிக் பட்டறை வைத்திருந்தார். லீவு நாளெல்லாம் எனக்கு அங்கேதான். அதனால் போனிலேயே பாடம் நடத்தினேன்.

நம் ஆற்றின் தண்ணீர் 1944 முதல் பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கச் சுற்றிக் கொடுக்கிறது. அதே ஆறு கடலில் சேரும் புன்னக்காயலில், படகு இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றும் ஆல்டர்னேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்ட தத்துவம். உள்ளே உள்ள டயோடுகள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும். ரெகுலேட்டர் வோல்டேஜை அளவோடு வைக்கும்.

மல்டிமீட்டரை எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக அளக்க வைத்தேன்.

முதலில், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு? 12 வோல்ட் பேட்டரி என்றால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 24 வோல்ட் என்றால் இரட்டிப்பு. அவனுக்குக் காட்டியது 12.4. ஆக, சார்ஜ் ஏறவில்லை. புது பேட்டரி மேல் பழி போட்டு என்ன செய்ய?

இரண்டாவது, இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அரை அங்குலம் போல அமுங்கியது. சரிதான்.

மூன்றாவது, சாவி போட்டதும் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிகிறதா? எரிந்தது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல ஆல்டர்னேட்டர்களில் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் முதல் காந்தத்தை உண்டாக்குகிறது. பல்பு போனால் சார்ஜும் போகலாம்.

நான்காவது, இன்ஜினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையே அளந்தான். 14.3!

"சார், இங்க இருக்கு, அங்க இல்லையே!" என்று கத்தினான். அவனிடம் கேட்டேன்: "ஏலே, பாபநாசத்துல தண்ணி தொறந்தாச்சு. கடைமடைக்கு வரலைன்னா கோளாறு எங்க?" "வாய்க்கால்ல சார்." அதேதான். ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் மட்டும் 1.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. எர்த் பக்கம் 0.2. கேபிளின் லக்கை உரித்துப் பார்த்தால், உள்ளே செம்பெல்லாம் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு. வெளியே பார்த்தால் கேபிள் புதுசு மாதிரி இருந்ததாம். ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் புதுக் கேபிள் போட்டான். பேட்டரியில் 14.1 வந்தது. செலவு, ஒரு பேட்டரி விலையில் சிறு பங்குதான்.

இனி எல்லோருக்கும் நான்கு வார்த்தை. சோதிக்கிறேன் என்று, ஓடுகிற இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள், டயோடு போய்விடும். கேபிளில் கை வைக்கும் முன் இன்ஜினை நிறுத்தி, முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியில் ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் பேட்டரியைச் சும்மா போட்டால், தானே இறங்கி, தகட்டில் சல்பேட் இறுகிவிடும். மாதம் ஒரு முறையாவது சார்ஜ் போடுங்கள்.

தடைக்காலம் முடியப் போகிறது. கடலுக்கு இறங்கும் முன் இந்த அளவுகளை எடுத்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6-க்கு மேல் இருக்க வேண்டும், 12-க்கு வந்தால் ஏறக்குறைய காலி. எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். பழைய பழக்கம், திருத்திக் கொடுக்கிறேன்.

எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்