முதல் நாள் வெட்கம்

போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய நோட்டு கிடைச்சது. பின்னட்டையிலிருந்து ஆரம்பிக்கிற நோட்டு. தங்கமணி அதைப் பழைய பேப்பர் கட்டோடு சேர்க்கப் போனாங்க. "ஏய், அதுல நான் எழுதின முதல் எழுத்து இருக்கு"ன்னு பிடுங்கி வெச்சுக்கிட்டேன். அதனால இன்னிக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பொறுத்துக்கோங்க மக்கா.

2006 ஜனவரியில நான் மாலத்தீவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராப் போனேன். அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல குப்பை கொட்டினவன். அங்கே வாங்கினதைப் போல மூணு மடங்கு சம்பளம்னு சொன்னாங்க. தலைக்கு மேல வீட்டுக்கடன். யோசிக்கவே இல்லை. "ஊர்ல எல்லாரும் ஹனிமூன் போற இடத்துக்கு நீ மட்டும் ஒத்தையாப் போறியாடா?"ன்னு நண்பர்கள் ஓட்டினாங்க. அம்மாதான், "ஏல, இங்க இல்லாத பள்ளிக்கூடமா அங்க இருக்கு?"ன்னு கேட்டு மூக்கைச் சிந்தினாங்க. மகளுக்கு அப்போ நாலு வயசு. அவ ஒண்ணும் கேட்கலை. பெட்டிக்குள்ள ஏறி உட்கார்ந்துக்கிட்டா.

தெரியாதவங்களுக்கு ஒரு விளக்கம். அங்கே பள்ளிக்கூடங்கள்ல தாய்மொழியான திவேஹியும் மதப் பாடமும் தவிர மத்ததெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான். பெரிய வகுப்புப் பிள்ளைங்க எழுதறது ஓ லெவல் மாதிரிப் பரீட்சை. கிட்டத்தட்ட 1,200 தீவு, அதுல மக்கள் குடியிருக்கிறது சுமார் 200. ஒவ்வொண்ணுக்கும் உள்ளூர் வாத்தியார் கிடைப்பாங்களா? அதனால கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வாத்தியார்கள் போறது ரொம்ப நாளா நடக்கிற விஷயம்தான். நான் ஒண்ணும் கொலம்பஸ் இல்லை :-)

திருவனந்தபுரத்துல ஏறினா ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனா விமான நிலையமே தனித் தீவு. இப்போ 2018லிருந்து பாலம் இருக்கு. அப்போ இறங்கினதும் படகுல ஏறித்தான் தலைநகர் மாலேவுக்குப் போகணும். வழிபாட்டு விக்கிரகம் எதுவும் நாட்டுக்குள்ள கொண்டு போகக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. தங்கமணி சாக்ஸுக்குள்ள சுத்தி வெச்சிருந்த பிள்ளையாரைக் கடைசி நேரத்துல கண்டுபிடிச்சு எடுத்து வெச்சுட்டுத்தான் கிளம்பினேன். மாலேயிலிருந்து ரா அட்டோலுக்கு ராத்திரி முழுக்கச் சரக்குப் படகு. வெங்காய மூட்டைக்கும் கோழிமுட்டை அட்டைக்கும் நடுவுல படுத்துக்கிட்டு, சாப்பிட்டதையெல்லாம் இந்தியப் பெருங்கடலுக்குத் தானம் பண்ணிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

சின்னத் தீவு. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பத்து நிமிஷ நடை. தெருவெல்லாம் வெள்ளை மணல். ராத்திரி ஜெனரேட்டர் சத்தம் தாலாட்டு. வீட்டு வாசல்ல கம்பிச் சட்டத்துல கயிற்று வலை கட்டின நாற்காலி வரிசையா இருக்கும். ஜோலி இல்லாதவங்க வந்து உட்கார்ற அந்த நாற்காலிக்குப் பேரே 'ஜோலி'தான். சத்தியமாங்க! சாப்பாட்டுக்குத் தேங்காய்த் துருவல், டூனா, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பிசைஞ்ச 'மஸ் ஹுனி'. தொட்டுக்க, நம்ம சப்பாத்தியோட தம்பி 'ரோஷி'. மஸ்னா மீன். நம்மூர் மாசிக் கருவாடு காலங்காலமா அங்கேயிருந்து வந்த சரக்குதான். முருங்கைக்கு அவங்களும் 'முரங்கா'ன்னு சொன்னதைக் கேட்டப்போ சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

வயிறு பழகிடுச்சு. வெள்ளி, சனி லீவு, ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம்ங்கறதும் பழகிடுச்சு. பழகாதது வகுப்பு.

எனக்குக் கொடுத்தது ஆறாம் கிரேடு. நான் கேள்வி கேட்பேன். இருபது ஜோடிக் கண்ணு என்னைப் பார்க்கும். ஒரு வாய் திறக்காது. தப்பாப் பேசினாலும் பரவாயில்லைன்னு சொல்லுவேன். அதையும் இங்கிலீஷ்லதானே சொல்றேன்! ரெண்டு மாசம் இப்படியே போச்சு. கூடத் தங்கியிருந்த நாகர்கோவில் சயன்ஸ் வாத்தியார், "அவங்க வாயைத் திறக்க வைக்கிறதும் சிப்பியைத் திறக்கிறதும் ஒண்ணு ஓய், சூடு பண்ணணும்"னாரு. சூடு பண்ணியும் பார்த்தேன். சத்தம் போட்டதுல இருந்த நாலு முணுமுணுப்பும் நின்னுபோச்சு.

ராத்திரி மனசு சரியில்லாம வீட்டுக்குப் போன் பண்ணுவேன். நம்மூர்ல எட்டு மணின்னா அங்கே ஏழரை. என் நேரமும் அப்படித்தான் இருந்துச்சு. கார்டுல காசு கரையறதுக்குள்ள தங்கமணி கடன், கரண்ட் பில், அம்மாவோட மூட்டுவலி எல்லாம் சொல்லி முடிப்பாங்க. மகள் முதல் மாசம் போனைப் பிடுங்கிப் பேசினா. ரெண்டாவது மாசம் கூப்பிட்டா வந்தா. அப்புறம், "வர மாட்டேங்கறாங்க, விளையாடிட்டிருக்கா"ன்னு பதில் வர ஆரம்பிச்சது. ஊர்ப் பிள்ளைகளும் பேசலை, என் பிள்ளையும் பேசலை. நான் பேச்சு சொல்லிக் கொடுக்கப் போன வாத்தியார்!

ஒருநாள் வெறுத்துப்போய்ப் புத்தகத்தை மூடினேன். "இன்னிக்கு நீங்க எனக்கு உங்க எழுத்தைச் சொல்லிக் கொடுங்க"ன்னு சொல்லிட்டு, முதல் பெஞ்சுப் பையன்கிட்ட சாக்பீஸைக் கொடுத்தேன். அவன் கரும்பலகையில தானா எழுத்தை எழுதிக் காட்டினான். வீட்டுல மகளைக் கூப்பிடற 'பாப்பா'ங்கற பேரை எழுதலாம்னு நானும் ஒரு நோட்டை எடுத்து, மேஜையில வெச்சு, இடப்பக்கத்துல ஆரம்பிச்சேன்.

வகுப்பே வெடிச்சுச் சிரிச்சது. அவங்க எழுத்து வலமிருந்து இடம் போகும்னு படிச்சிருக்கேன், தெரியும். கைக்குத் தெரியலையே! ஒரு பொண்ணு எழுந்து வந்து நோட்டைத் திருப்பி வெச்சா. இன்னொருத்தன், "நோ சார், திஸ் சைட், திஸ் சைட்"னான். ரெண்டு மாசத்துல நான் கேட்ட முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். எழுத்துக்கு மேலயும் கீழயும் போடற குறிகளைத் தப்புத் தப்பாப் போட்டேன். ஒவ்வொரு தப்புக்கும் நாலு பேர் ஓடி வந்து இங்கிலீஷ்ல திட்டினாங்க. பரணையில கிடைச்சது அந்த நோட்டுதான். தப்பாப் பேசறது எவ்வளவு கூச்சம்னு இருபது வாண்டுகள் முன்னாடி நின்னப்போதான் எனக்குத் தெரிஞ்சது. அன்னியிலிருந்து தினமும் பத்து நிமிஷம் அவங்க வாத்தியார், நான் மாணவன்.

கொஞ்ச நாள் கழிச்சு, 'என் அப்பா'ன்னு கட்டுரை கொடுத்தேன். ராத்திரி ஜோலியில உட்கார்ந்து சிவப்புப் பேனாவோட திருத்திக்கிட்டிருந்தேன். "திஸ் சைட்" பையனோட பேப்பர் வந்தது. அவன் அப்பாவுக்கு ரிசார்ட்டுல வேலை. அந்தத் தீவுல பாதி வீட்டு அப்பாக்கள் அப்படித்தான், வேற தீவுல தங்கி வேலை பார்த்துட்டு லீவு கிடைச்சா வருவாங்க. அவன் எழுதியிருந்தான்:

"மை ஃபாதர் கம் எவரி டூ மன்த்ஸ். ஃபர்ஸ்ட் டே ஐ ஆம் ஷை. செகண்ட் டே ஐ ஆம் நாட் ஷை. தேர்ட் டே ஹீ கோ."

'கம்'முல ஒரு 'எஸ்' போட்டேன். 'கோ'வுல 'ஈ எஸ்' போட்டேன். போட்டுட்டுத்தான் என்ன படிச்சோம்னே உறைச்சது. பேனாவை மூடி வெச்சுட்டேன். அந்த ஒரு பேப்பருக்கு மட்டும் மார்க் போடலை. மறுநாள் அவன் வந்து, "சார், நோ மார்க்?"னு கேட்டான். "வெரி குட்"னு மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு அது திருப்தியா இல்லைன்னு முகத்துலயே தெரிஞ்சது. பத்துக்கு எத்தனைன்னுதானே பிள்ளைங்களுக்கு வேணும்!

அப்போ கல்வி ஆண்டு நவம்பர்ல முடியும். டிசம்பர்ல ஊருக்கு வந்தேன். பெட்டி நிறைய டூனா டின், மகளுக்கு ஒரு பொம்மை. வாசல்ல நின்னு, "பாப்பா"ன்னேன். அவ தங்கமணியோட சேலையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. அம்மா, "ஏட்டி, அப்பாடி, போட்டி"ன்னு தள்ளி விட்டாங்க. அவ உதடு பிதுங்க ஆரம்பிச்சது. தங்கமணி என் முகத்தைப் பார்த்துட்டு, "பொம்மையைக் காட்டுங்க"ன்னாங்க.

"விடு, கூப்பிடாதீங்க. இன்னிக்கு முதல் நாள்தானே"ன்னேன். யாருக்கும் புரியலை.

அன்னிக்கு முழுக்க அவளைத் தொடலை, கூப்பிடலை. அவ கதவிடுக்கு வழியாப் பார்க்கறது தெரிஞ்சும் தெரியாத மாதிரிப் பேப்பர் படிச்சேன். ராத்திரி தூக்கம் வரலை. அந்தப் பையனுக்கு ரெண்டாவது நாள் சரியாகும். இவளுக்கு ஆகலைன்னா?

காலையில கண்ணு முழிச்சப்போ வயித்து மேல கனமா இருந்துச்சு. ஏறி உட்கார்ந்திருந்தா. பெட்டிக்குள்ள உட்கார்ந்த அதே மாதிரி.

அடுத்த ஜனவரியில மூணு பேருமாப் போனோம். 2009ல ஊரோட வந்துட்டோம். மகளுக்கு இப்பவும் திவேஹியில பத்து வரைக்கும் எண்ணத் தெரியும். அந்தப் பையன் வளர்ந்து எங்கே இருக்கான்னு தெரியாது. அவன் பேப்பருக்கு இன்னிக்கு மார்க் போடறேன். பத்துக்குப் பத்து.

பி.கு: வாத்தியார் வேலைக்கு வெளிநாடு போறவங்களுக்கு என்னால முடிஞ்ச அறிவுரை ரெண்டு. ஒண்ணு, சாக்ஸையெல்லாம் உதறிப் பார்த்துட்டுக் கிளம்புங்க. ரெண்டு, ஊருக்குத் திரும்பினா முதல் நாளே பிள்ளையைத் தூக்காதீங்க :-)