கடல்மேல் ஒரு சூதாட்ட மாளிகை

அமெரிக்காவிலே டெக்ஸாஸ் மாகாணத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவுப் பட்டணம் இருக்கிறது. ஸிஸிலியிலிருந்து பிழைக்க வந்து, ஆரம்பத்தில் க்ஷவரத் தொழில் செய்த ஸாம், ரோஸாரியோ மேஸியோ என்னும் சகோதரர்கள், அங்கே தங்கள் பழைய உணவு விடுதி ஒன்றை 1942-ல் புதுப்பித்து, 'பாலினீஸ் ரூம்' என்று பெயரிட்டார்கள்.

கரையிலிருந்து சுமார் 600 அடி தூரம், கடலுக்குள் தூண்களின்மேல் ஒரு நீண்ட தாழ்வாரம் போகும். விருந்தும், நடனமும், பிராங்க் ஸினாட்ராவின் பாட்டும் ஊரறிந்த விஷயங்கள். சட்டம் தடுத்திருந்த சூதாட்டம் மட்டும் தாழ்வாரத்தின் கோடியில். 'டெக்ஸாஸ் ரேஞ்சர்கள்' எனப்படும் மாகாணப் போலீஸார் வாசலில் கால் வைத்ததும் ஒரு பொத்தானை அமுக்குவார்கள். உள்ளே மணி அடிக்கும். அவர்கள் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் சூதாட்ட மேஜைகள் சுவருக்குள் மடங்கிவிடும். வாத்திய கோஷ்டி டெக்ஸாஸ் கீதம் வாசித்து அவர்களை வரவேற்றதாகக்கூடச் சொல்வதுண்டு!

இதைப் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால், சீட்டாட்டத்தில் நிலமும் நகையும் போய் நடுத்தெருவில் நின்ற ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அதனால் சிரிப்பு நீடிக்கவில்லை. பாடியவர்களின் பெயர்களையெல்லாம் சரித்திரம் சொல்கிறது. தோற்றவர்களின் பெயர்களை அது சொல்லக் காணோம்.

உள்ளூர் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? 1951-ல் சட்டசபைக் கமிட்டியின் முன் ஷெரீப் கூறிய பதில் பிரசித்தமானது. அது அங்கத்தினருக்கு மட்டுமான கிளப்பாம். தாம் அங்கத்தினர் அல்லராம். ஆகையால் உள்ளே போகவில்லையாம்!

பதில் வேடிக்கையானதுதான். எனினும் அதன் பின்னால் ஊரின் வயிற்றுப்பாடு இருந்தது. 1900-ம் ஆண்டுப் புயலில் அத்தீவில் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். பிறகு துறைமுக வியாபாரமும் பெரும்பாலும் ஹூஸ்டன் நகருக்குப் போய்விட்டது. சூதாட வந்தவர்களின் பணம் ஓட்டல்காரருக்கும் கடைக்காரருக்கும் சோறு போட்டது. சோறு போடுகிறவனைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

1957-ல் மாகாண அட்டர்னி ஜெனரல் வில் வில்ஸன், கோர்ட்டுத் தடையுத்தரவுகளைக் கொண்டு சூதாட்டத்துக்கு முடிவு கட்டினார். சகோதரர் இருவரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டனர். ஊரின் வருமானம் சுருங்கிற்று. சட்டத்துக்கு அத்தனை காலம் கண்ணாமூச்சி காட்டிய அந்தக் கட்டடத்தை 1997-ல் தேசியச் சரித்திரச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்த்தார்கள். 2008 செப்டம்பரில் 'ஐக்' என்ற புயல் அதைக் கடலோடு கொண்டுபோயிற்று.